மூக்குப்பொடிக்கு வீட்டிலேயே டப்பா: சேமிக்க ஒன்று, எடுக்க ஒன்று

கேள்வி இதுதான்: பட்டணம் பொடியை மொத்தமாக வாங்கி வைத்தால் சில வாரங்களில் காரம் இறங்கிவிடுகிறது, மழைக்காலத்தில் கட்டிபடுகிறது, பையில் வைத்தால் கொட்டிச் சட்டையெல்லாம் பழுப்பாகிறது, கெடாமல் வைக்கவும், சிட்டிகை சிட்டிகையாக எடுக்கவும் தோதாக ஒரு டப்பாவை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் 'ஒரு டப்பா' என்று நினைப்பதில்தான் கோளாறு. சேமிப்புக்கு மூடியே கிடக்கும் பாத்திரம் வேண்டும். எடுப்பதற்கோ நாளைக்கு இருபது தடவை திறக்கும் பாத்திரம் வேண்டும். இரண்டையும் ஒன்றிலேயே சாதிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். வீட்டில் ஒரு ஜாடி, பையில் ஒரு சிமிழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜாடியைச் செய்ய வேண்டியதில்லை, சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கைவேலை எல்லாம் சிமிழில்தான்.

முதலில் பொடி ஏன் கெடுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். எந்தப் பொருளில் செய்யலாம், எதில் கூடாது என்பது அதிலிருந்துதான் வருகிறது. நம் ஊர்ப் பொடி, புகையிலையை வறுத்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்து அரைப்பது. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்டது. புகையிலையில் கட்டுண்டு கிடக்கும் நிக்கோட்டினையும் அமோனியாவையும் அது விடுவிப்பதால்தான் மூக்கில் அந்தச் சுள்ளென்ற காரம். விடுபட்டவை இரண்டும் ஆவியாகக் கூடியவை, ஆகவே ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கொஞ்சம் பறந்துவிடும். போதாததற்கு, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு வீரியமற்ற சுண்ணாம்புக்கல்லாக மாறிவிடுகிறது. நெய் வெளிச்சத்திலும் சூட்டிலும் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். புகையிலைத் தூள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கட்டிபடும். இங்கிலாந்துப் பொடிகளில் பலவும் ஈரப்பதத்தோடு வருபவை. அவற்றுக்குக் காய்ந்துபோவதுதான் பிரச்சினை. நமக்கு அது தலைகீழ். அதனால் 'பொடிக்குள் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டு வை' என்று அவர்கள் சொல்லும் யோசனையை நெய்ப்பொடிக்குப் பின்பற்றினால் பூஞ்சைதான் மிஞ்சும்.

இனி எதில் செய்யக் கூடாது என்று பார்ப்போம்.

அலுமினியம் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். உள்பக்கம் சாம்பல் நிறமாகி, குழிகள் விழுந்து, அந்தத் தூளும் பொடியோடு மூக்குக்குள் போகும். பித்தளையும் செம்பும் பார்க்க அழகு, ஆனால் அமோனியா பட்டால் பச்சையாகக் களிம்பேறும். பித்தளைச் சிமிழ் ஏற்கெனவே இருக்கிறதென்றால் உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை வைத்து, சிமிழை வெறும் உறையாகப் பயன்படுத்துங்கள். பற்றவைத்த பழைய தகர டப்பாக்களில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காரீயத் தகட்டில் சுற்றி விற்ற மூக்குப்பொடியால் காரீய நஞ்சேறி நோயாளிகளானவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். மூக்கின் உள்தோல் வழியாகப் பல பொருட்கள் சுலபமாக ரத்தத்தில் கலக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மெல்லிய பாலிதீன் பை வாசனையைத் தடுத்து நிறுத்தாது. நான்கு நாளில் அலமாரி முழுக்கப் பொடி வாசனை வருகிறதென்றால் அந்த வாசனை பொடியைவிட்டு வெளியேறுகிறது என்று பொருள். நெய் பிளாஸ்டிக்கின் வாடையையும் தன்னில் ஏற்றிக்கொள்ளும். வேப்பமரத்தில் குடைந்த டப்பா கசப்பு வாடை தரும். தேங்காய்ச்சிரட்டையில் எண்ணெய்ப்பசை முழுக்கப் போவதே இல்லை, அது தன் காறலைப் பொடிக்கும் கொடுக்கும்.

சேமிப்பு ஜாடிக்குக் கண்ணாடிக்கு நிகர் எதுவும் இல்லை. பழுப்பு நிறக் கண்ணாடி என்றால் இன்னும் நல்லது. வெள்ளைக் கண்ணாடியாக இருந்தால் இருட்டு அலமாரியில் வையுங்கள். முக்கியமானது அளவு: 100 கிராம் வாங்கினால் ஒரே பாட்டிலில் போடாமல் 25 கிராம் வீதம் நான்கு சிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்புங்கள். பாட்டிலில் வெற்றிடம் குறைந்தால் காற்றும் குறைவு. ஒன்றைத் தீர்க்கும்வரை மற்ற மூன்றையும் தொடாதீர்கள். மூடியின் உள்ளே ரப்பரோ மென்மையான வளையமோ இருக்க வேண்டும். மூடி கசிகிறதா என்று சோதிக்க, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மூடி, இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். கீழே விரித்த தாள் காலையில் உலர்ந்திருந்தால் அந்தப் பாட்டில் தேறிவிட்டது. பிறகு கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, மூடியைத் தனியாக ஒரு நாள் ஆறவிட்டபின் நிரப்புங்கள். எவர்சில்வர் டப்பாவைச் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் மூடி காற்றை விடும். வேறு வழியில்லை என்றால் மூடியும் உடலும் சேரும் இடத்தில் தேன்மெழுகைத் தேயுங்கள். ஊறுகாய் ஜாடியை எத்தனை தடவை கழுவினாலும் அதில் ஊறுகாய்தான் மணக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் எடுத்த உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த பொடியின்மேல் அறைக்காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். மூடிய பாட்டிலை இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். தினமும் திறக்கிற பாட்டிலுக்கு இது சரிப்படாது.

ஒரு நாளைக்கு மட்டும் பொடி கொண்டுபோக வேண்டுமானால் எதையும் குடைய வேண்டாம், நம் பழைய பொடி மட்டையே போதும். கடையில் பெரிய ஜாடியிலிருந்து நீளக் கரண்டியால் அள்ளி, காய்ந்த வாழைமட்டையில் தட்டி மடித்துக் கொடுப்பார்களே, அதுதான். வாழைத்தண்டின் வெளிமட்டை மரத்திலேயே காய்ந்து பழுப்பானதாக எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஏறக்குறைய 12க்கு 6 சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். சற்றே ஈரமாக இருக்கும்போது, வழவழப்பான பக்கம் உள்ளே வரும்படி நீளவாக்கில் மூன்றாக மடித்து, பிறகு இரு முனைகளையும் உள்ளே மடித்துச் செருகி, கனமான புத்தகத்தின் அடியில் இரண்டு நாள் வையுங்கள். காய்ந்த மட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்துவிடும், பொடி அந்த வெடிப்பு வழியாகத்தான் ஒழுகும். வழவழப்பான பக்கம் நெய்யைச் சீக்கிரம் உறிஞ்சாது. செய்தித்தாளில் மடித்தால் மாலைக்குள் தாளில் எண்ணெய் வட்டம் விழுந்துவிடும்.

இதற்கு அடுத்த படி, கார்க்கில் கரண்டி பொருத்திய குப்பி. சீனாவில் சிங் பேரரசின் காலத்தில் பொடிக்கு டப்பா வைத்துக்கொள்ளாமல் சிறு குப்பிகளையே வைத்துக்கொண்டார்கள். அடைப்பானிலேயே ஒரு மெல்லிய கரண்டி தொங்கும். ஈரக்காற்றுள்ள நாட்டில் அகலமாகத் திறக்கும் டப்பாவைவிடக் குறுகிய வாயுள்ள குப்பியில்தான் பொடி தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு அது. 15 அல்லது 20 மில்லி கண்ணாடிக் குப்பி, பொருத்தமான கார்க், அதில் குத்திய மூங்கில் குச்சியின் நுனியில் 3 மி.மீ. குழி. அரை மணி நேர வேலை. ஒரே குறை, ஒவ்வொரு சிட்டிகைக்கும் குப்பியைத் திறந்தாக வேண்டும்.

அந்தக் குறையும் வேண்டாம் என்றால் இழுகுச்சிச் சிமிழ் செய்யுங்கள். மூங்கில் குழாய், அதன் வாயில் கார்க், கார்க்கின் நடுத்துளையில் வழுக்கிப் போய்வரும் ஒரு குச்சி, குச்சியின் பக்கவாட்டில் ஒரு சிறு குழி. சிமிழைக் கவிழ்த்துத் தட்டினால் குழிக்குள் பொடி நிறையும். குச்சியை இழுத்தால் கார்க் மேல்பொடியை வழித்துவிட்டு, குழியளவு பொடியை மட்டும் வெளியே விடும். தள்ளினால் பழையபடி மூடிக்கொள்ளும். சிமிழ் திறப்பதே இல்லை.

உடலுக்கு நன்கு முற்றிய, பச்சை போன மூங்கில் வேண்டும். வெளிவிட்டம் 30, உள்விட்டம் 20 மி.மீ. அளவில் தேடுங்கள். ஒரு பக்கம் கணுவை விட்டு வெட்டினால் கணுவே அடிப்பாகம் ஆகிவிடும், தனி அடிமூடி தேவையில்லை. கணுவுக்குக் கீழே 8 மி.மீ. மிச்சம் வையுங்கள். கணுவிலிருந்து வாய்வரை உள்ளாழம் 65 மி.மீ. இருக்கட்டும். பச்சை மூங்கிலாக இருந்தால் வெட்டுவதற்குமுன் ஒரு மணி நேரம் வெந்நீரில் கொதிக்கவைத்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிட வேண்டும். மூங்கிலின் மாச்சத்துக்கு உளுக்கும் வண்டு வரும், கொதிநீர் அதில் ஒரு பகுதியை வெளியேற்றும். பூச்சிக்காக வெண்காரக் கரைசலில் ஊறவைக்கும் முறை கூடை, நாற்காலிக்குச் சரி. மூக்குக்குப் போகும் பொடிக்கு அது ஆகாது.

வெட்டியபின் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். மூங்கிலின் உள்ளே காகிதம் போல ஒரு வெண்மையான சவ்வு ஒட்டியிருக்கும். அதை விட்டுவைத்தால் சில நாட்களில் செதில் செதிலாக உரிந்து பொடியில் கலக்கும், இழுகுழியையும் அடைக்கும். ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, சவ்வு போய் மரநிறம் தெரியும்வரை தேயுங்கள். அதன்பின் உட்புறத்துக்கு மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு: மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, குழாயையும் லேசாகச் சூடாக்கி, மெழுகை ஊற்றி உருட்டி, உடனே கவிழ்த்து வடித்துவிடுங்கள். குழாய் குளிர்ந்திருந்தால் மெழுகு தடிப்பாக உறைந்து பிறகு பெயர்ந்து விழும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், ஆகவே சிமிழைச் சித்திரை வெயிலில் காரின் முன்பலகையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அரக்கு மெருகு உள்ளே கூடாது. அரக்கு காரத்தன்மையுள்ள பொருளில் கரையக்கூடியது, சுண்ணாம்புப் பொடி அதை மெல்லப் பிசுபிசுப்பாக்கும். வெளிப்பக்கம் அரக்கு தாராளமாகப் பூசலாம். தேங்காய் எண்ணெய் உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம்.

வாய்ப்பக்கம் கார்க் அழுத்துவதால் மூங்கில் நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும். விளிம்புக்கு 3 மி.மீ. கீழே மெழுகிட்ட தடித்த நூலை எட்டுப் பத்துச் சுற்று நெருக்கமாக இறுக்கிச் சுற்றி முடிச்சிடுங்கள். அழகுக்கு என்று நினைத்துப் பலர் இதை விட்டுவிடுவார்கள். முதல் கோடையிலேயே பிளவு விழும்.

கார்க்குக்கு ஒயின் பாட்டில் கார்க் வசதி, அது இயல்பாக 24 மி.மீ. விட்டம் இருக்கும். பிளாஸ்டிக் கார்க்காக இல்லாமல் இயற்கைக் கார்க்கா என்று பார்த்து வாங்குங்கள். ஆய்வகச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். முதலில் துளை, பிறகுதான் அளவுக்கு வெட்டுவது. சிறு துண்டைப் பிடித்துக்கொண்டு துளைத்தால் விண்டுபோகும். சாதாரண டிரில் பிட் கார்க்கைப் பிய்த்துத் துருவலாக்கிவிடும். மெல்லிய உலோகக் குழாயின் வாயை வெளிப்பக்கமாகச் சாய்த்து அரத்தால் கூராக்கி, சோப்புத் தண்ணீர் தொட்டு, மரப்பலகையின்மேல் வைத்துத் திருகித் திருகி இறக்குங்கள். உள்விட்டம் 7.5 மி.மீ. உள்ள குழாய் வேண்டும். பழைய ரேடியோ ஏரியலின் அடிக்குழாய், குடையின் நடுக்குழாய் என்று வீட்டில் கிடப்பவற்றை அளந்து பாருங்கள். துளை விழுந்தபின் 15 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி, மேல்முனை 22, கீழ்முனை 19 மி.மீ. வரும்படி உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துக்கொள்ளுங்கள். குழாயில் 12 மி.மீ. உள்ளே போய், 3 மி.மீ. பிடிக்க வெளியே நிற்க வேண்டும்.

குச்சிதான் இந்த வேலையின் உயிர். கெட்டியான கல்மூங்கிலைச் சீவி, 8 மி.மீ. உருளையாகத் தேய்த்தெடுங்கள். மரவேலைக் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. இணைப்பு முளைகளை வாங்கிவிடாதீர்கள். பசை பிடிப்பதற்காக அவற்றில் நீளவாக்கில் வரிப்பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளம் வழியாகவே பொடி ஒழுகும். நீளம் 49 மி.மீ., அதற்குமேல் தனியாக ஒரு குமிழ். மேல்முனையிலிருந்து கணக்கு இப்படி: 15 மி.மீ. கார்க்குக்குள், அடுத்த 8 மி.மீ. தாண்டியதும் குழியின் மையம், அங்கிருந்து 22 மி.மீ. கீழே குறுக்காக ஒரு தடுப்புமுளை, அதன்கீழ் 4 மி.மீ. மிச்சம். இந்த 22 தான் கவனிக்க வேண்டிய எண். இழுக்கும்போது தடுப்புமுளை கார்க்கின் அடியில் முட்டி நிற்கும், அப்போது குழி கார்க்குக்கு 7 மி.மீ. மேலே தெரியும், கார்க்கின் துளையைக் குச்சியின் அடிப்பகுதி அடைத்துக்கொண்டிருக்கும். இந்தத் தூரம் 15 ஆகக் குறைந்தால் குழி பாதிதான் வெளியே வரும். மிக நீண்டால் குச்சி சிமிழின் அடியைத் தொட்டு, குமிழ் கார்க்கில் உட்காராது.

குழியின் வாய் 4, ஆழம் 4 மி.மீ. இதன் கொள்ளளவு ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டியில் நூறில் ஒரு பங்கு. சின்னச் சிட்டிகைதான். போதாது என்றால் ஆழத்தைக் கூட்டாதீர்கள், குச்சி அங்கே ஒடியும். பக்கத்தில் நீளவாக்கில் இன்னொரு குழி போட்டு, இரண்டையும் இணைத்துப் படகு வடிவமாக்குங்கள். அப்படிச் செய்தால் குச்சியை 4 மி.மீ. நீளமாக எடுத்து, தடுப்புமுளையையும் 4 மி.மீ. கீழே தள்ள வேண்டும். குச்சி இன்னும் 9 மி.மீ. தடிப்பாக இருக்கும்போதே குழியைப் போட்டுவிட்டு, பிறகு 8க்குத் தேயுங்கள், துளைக்கும்போது விளிம்பில் எழும் சிம்பு தேய்ப்பில் போய்விடும். முதலில் 2 மி.மீ., அடுத்து 4 மி.மீ. பிட். ஆழம் தப்பாமலிருக்க பிட்டில் 4.5 மி.மீ. தள்ளி ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள், தேய்ப்பில் அரை மி.மீ. போய்விடும். குழியின் விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் மழுக்காவிட்டால், அது ஒவ்வொரு இழுப்பிலும் கார்க்கைச் சீவும். பொடியில் இளம்பழுப்புத் துகள் தெரிந்தால் காரணம் இதுதான், கார்க் மட்டமானது என்று பழி போட வேண்டாம். கடைசியில் குச்சி முழுக்கத் தேன்மெழுகு தேய்த்து, துணியால் பளபளப்பாக்குங்கள்.

கோர்ப்பதில் ஒரு வரிசை உண்டு. பல்குத்தும் குச்சியின் 13 மி.மீ. துண்டைத் தடுப்புமுளையாக இறுகச் செருகி, குச்சியைக் கார்க்கின் அடிப்பக்கத்திலிருந்து மேலே தள்ளி, அதன்பிறகு குமிழைப் பசை வைத்து ஒட்டுங்கள். குமிழை முதலில் ஒட்டிவிட்டால் குச்சியைக் கோர்க்க வழியில்லை. குழி எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிய, குமிழின் அதே பக்கத்தில் ஒரு கீறல் போட்டு வையுங்கள்.

உள்ளே ஏறக்குறைய 15 மில்லி இடம் இருக்கும். முக்கால் பங்குக்குமேல் நிரப்பக் கூடாது, கவிழ்த்தால் பொடி நகர இடம் வேண்டும். எத்தனை கிராம் பிடிக்கும் என்பது அரைப்பைப் பொறுத்து மாறும். உங்கள் 10 கிராம் பாக்கெட்டை இருமல் மருந்தின் அளவுக் கோப்பையில் கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நிரப்பும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தாள் புனலால் போடுங்கள்.

நெய்ப்பொடி தானாக ஓடாது, உள்ளே வளைவு கட்டி நிற்கும். கவிழ்த்தும் குழி காலியாகவே வருகிறதென்றால் இதுதான் காரணம். 5 மி.மீ. கண்ணாடி மணி ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள், குலுக்கும்போது அது கட்டியை உடைத்துவிடும். குழியின் வாய் 4 மி.மீ. என்பதால் மணி அதில் சிக்காது. குச்சிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே 6 மி.மீ. இருப்பதால் அங்கேயும் மாட்டாது. உள்விட்டம் 18 உள்ள மூங்கிலை எடுத்திருந்தால் இடைவெளி 5தான், மணி மாட்டிக்கொள்ளும். அந்தச் சிமிழுக்கு மணி வேண்டாம், தட்டல்தான்.

ஐப்பசி கார்த்திகையில் குச்சி இறுகி இழுக்க வராமல் போகலாம். மூங்கில் ஈரத்தில் ஊதுகிறது. கத்தியால் சீவாதீர்கள், கோடையில் தளர்ந்துவிடும். குச்சியைக் கழற்றி ஒரு நாள் வெயிலில் வைத்து, மறுபடி மெழுகு தேய்த்தால் போதும். தளர்வாக இருந்து பொடி ஒழுகினால் கார்க்கை மாற்றுங்கள், அது சின்னச் செலவுதான்.

எடுக்கும் முறையிலும் ஒரு விஷயம். குச்சியை இழுத்து நேராக மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். மூச்சின் ஈரம் குழியில் பட்டு, அந்த ஈரத்தோடு உள்ளே போகும் குச்சி சிமிழுக்குள் இருக்கும் பொடியைச் சுற்றிக் கட்டியாக்கும். கட்டைவிரலை விரித்துப் பிடித்தால் மணிக்கட்டுப் பக்கம் ஒரு பள்ளம் விழும், அதில் தட்டி எடுங்கள். உடற்கூறு நூல்களில் அந்தப் பள்ளத்துக்கே பொடி டப்பா என்றுதான் பெயர்.

இரண்டு எச்சரிக்கைகள். மருந்துக் குப்பி, மிட்டாய் டப்பா ஆகியவற்றில் பொடி வைக்காதீர்கள், ஜாடியில் 'மூக்குப்பொடி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். கொஞ்சம் புகையிலைத் தூள் வாயில் போனாலும் சிறு குழந்தைக்கு நிக்கோட்டின் நஞ்சாகும். இழுகுச்சி அளவு மாறாமல் தருவதால், பழக்கத்தைக் குறைக்க நினைப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொள்ளலாம், விரலால் கிள்ளும் சிட்டிகையில் அந்தக் கணக்கு நிற்காது. சிமிழைச் செய்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பொடியை நிரப்பி விற்காதீர்கள். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்படி விற்பனைப் பொட்டலத்தில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம்.

மாதம் ஒருமுறை சிமிழைக் காலி செய்து, காய்ந்த துணியை ஒரு குச்சியில் சுற்றித் துடைத்தால் போதும். தண்ணீர் விட்டுக் கழுவினால் மூங்கில் காய ஒரு வாரம் ஆகும்.